முடியாது என்றது பட்டியல்! முடித்துக் காட்டினார்கள் மனிதர்கள்!

ஒரு தாய் கடிதம் எழுதினார். 2024-ம் ஆண்டு அந்தக் கடிதம் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. எழுதப்பட்டது யாருக்கு? சுப்ரீம் கோர்ட்டு தலைமை நீதிபதிக்கு!

அந்தத் தாயின் பிள்ளைக்குக் கண் பார்வை கிடையாது. ஆனால் நீதிபதி ஆகவேண்டும் என்ற ஆசை உண்டு. அதற்குக் குறுக்கே நின்றது, மத்தியப்பிரதேச மாநிலத்தின் ஒரு விதி. பார்வை இல்லாதவர்களும், பார்வை குறைந்தவர்களும் அந்த மாநிலத்தில் நீதித்துறை உத்தியோகத்துக்கு வர முடியாது என்று அந்த விதி கூறியது.

பரீட்சை எழுதித் தோற்றுவிட்டால் பிள்ளையைத் தேற்றலாம். "அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆறுதல் சொல்லலாம். வாசலிலேயே நிறுத்தி, "உனக்கு இடம் இல்லை" என்று சொல்லிவிட்டால் எப்படித் தேற்றுவது?

ஆகவேதான் அந்தத் தாய் தலைமை நீதிபதிக்கே எழுதினார்.

அந்தக் கடிதம் சாதித்தது என்ன என்பதைக் கடைசியில் பார்ப்போம். அந்தக் கடிதத்துக்கு முன்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சர்க்கார் உத்தியோகத்துக்காக நடத்திய போராட்டத்தின் கதை அது.

எத்தனை பேர்?

2011-ம் ஆண்டு ஜனத்தொகை கணக்கின்படி, இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர்.

நாடு முழுவதிலும் இவர்களில் 100-க்கு 36 பேர்தான் ஏதாவது ஒரு தொழில் செய்தார்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் சேர்த்த கணக்குதான் இது. ஆனாலும் மற்றவர்கள் யார் கையை எதிர்பார்த்து வாழ்ந்திருப்பார்கள்? தாய், தகப்பன், அண்ணன், தம்பி ஆகியோரின் கையைத்தான்.

பெற்றோர் இருக்கும்வரை கவலை இல்லை. அவர்கள் போன பிறகு? ஊனமுற்ற பிள்ளையைப் பெற்ற ஒவ்வொருவரும் இரவில் விழித்துக்கொண்டு யோசிப்பது இதைத்தான்.

சர்க்கார் உத்தியோகம் இந்தக் கவலையைத் தீர்க்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம். வேலைக்கு ஒரு பாதுகாப்பு. அதைவிடப் பெரியது ஒன்றும் உண்டு. "பாவம், அந்தப் பையன்" என்று சொன்ன ஊர், "அவர் ஆபீசில் இருக்கிறார்" என்று சொல்லத் தொடங்கும்!

முதல் படி

மாற்றுத்திறனாளிகளுக்கு என்று மத்திய சர்க்கார் முதன்முதலாக வேலைகளை ஒதுக்கியது, 1977-ம் ஆண்டில். 100-க்கு 3 இடம். கண் தெரியாதவர்களுக்கு ஒன்று, காது கேளாதவர்களுக்கு ஒன்று, கை கால் ஊனமுற்றவர்களுக்கு ஒன்று.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு எல்லை இருந்தது. குமாஸ்தா, பியூன் போன்ற "சி", "டி" பிரிவு வேலைகளுக்கு மட்டுமே இந்த ஒதுக்கீடு. "ஏ", "பி" பிரிவுகளில் உள்ள அதிகாரிகளின் நாற்காலிகளுக்கு அது பொருந்தாது!

அந்த 3 இடமும் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1980-ம் ஆண்டு மார்ச் மாதம் 16-ந்தேதி, கண் பார்வை இல்லாதவர்கள் டெல்லியில் ஊர்வலம் போனார்கள். வேலை கொடுங்கள் என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை. அவர்கள் மீது போலீசார் தடியடி நடத்தினார்கள். அடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கக்கூட முடியாதவர்கள் அவர்கள்!

நாடு திடுக்கிட்டது. போராட்டம் தெருவிலிருந்து கோர்ட்டுக்கும் போயிற்று.

புள்ளி எழுத்தில் பரீட்சை

ஐ.ஏ.எஸ். முதலான பெரிய உத்தியோகங்களுக்கு ஆள் எடுக்கும் பரீட்சையைப் பார்வையற்றவர்கள் எப்படி எழுதுவது? விரலால் தடவிப் படிக்கும் "பிரெய்லி" எழுத்தில் எழுதலாம். அல்லது, தாங்கள் சொல்லச் சொல்ல இன்னொருவரைக் கொண்டு எழுதலாம். இந்த இரண்டுக்கும் அனுமதி இல்லாமல் இருந்தது.

தேசிய பார்வையற்றோர் சம்மேளனம் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. 1993-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. பார்வையற்றவர்களுக்கு ஏற்றவை என்று கண்டறியப்பட்ட பதவிகளுக்கு, அவர்கள் பிரெய்லியிலோ, எழுதுபவர் ஒருவரின் உதவியுடனோ பரீட்சை எழுதலாம் என்று கோர்ட்டு கூறியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1995-ல் பார்லிமெண்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. 1996-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந்தேதி அது அமுலுக்கு வந்தது. சர்க்கார் வேலைகளில் 100-க்கு 3 இடத்துக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கூறியது. அதுவரை வெறும் உத்தரவாக இருந்தது, சட்டம் ஆகிவிட்டது!

இனிமேல் தொல்லை இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தொல்லை வேறு உருவத்தில் வந்தது. அதன் பெயர், "பட்டியல்"!

பூட்டாக மாறிய பட்டியல்

எந்த வேலையை யார் செய்ய முடியும் என்று நிபுணர்கள் உட்கார்ந்து பட்டியல் போடுவார்கள். இந்த வேலைக்கு நடக்க வேண்டும், அந்த வேலைக்குக் குனிய வேண்டும், இதற்குக் கண் வேண்டும், அதற்குக் காது வேண்டும் என்று குறிப்பார்கள். தள்ளுவது, இழுப்பது, தூக்குவது ஆகியவைகூட அதில் உண்டு.

வழி காட்டுவதற்காக ஏற்பட்ட பட்டியல் இது. ஆனால் நடந்தது என்ன? பட்டியலில் ஒரு பதவி இல்லை என்றால், அந்தப் பதவியைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டார்கள்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். ஒரு இலாகாவில் 1,000 இடங்கள் காலி என்று வைத்துக்கொள்வோம். 100-க்கு 3 என்றால் 30 பேருக்கு வேலை கிடைக்க வேண்டும். ஆனால், "பட்டியலில் இருப்பவை 100 இடங்கள்தான். அதற்குத்தான் கணக்கு" என்றால் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மூன்றே பேருக்கு! 30 எங்கே, 3 எங்கே?

பட்டியலைத் தயாரிக்காமலே காலம் கடத்தினாலோ, அந்த மூன்றும் இல்லை!

ரவி பிரகாஷ் குப்தாவுக்கு நேர்ந்தது இதுதான். இவர் கண் பார்வை இல்லாதவர். 2006-ம் ஆண்டு சிவில் சர்வீஸ் பரீட்சையில் தேறினார். ஆனால் பார்வையற்றவர்களுக்கு ஒரே ஒரு இடம்தான் என்று கூறி, அவருக்குப் பதவி தரவில்லை. அவர் வழக்குப் போட்டார். சட்டம் வந்த 1996-ம் ஆண்டிலிருந்து கணக்குப் பார்த்தால் தனக்கு இடம் உண்டு என்று வாதாடினார். பதவிகளைப் பட்டியல் போட்டதே பின்னால்தான், அதற்கு முந்திய ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றது சர்க்கார் தரப்பு.

2010-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. பட்டியல் போடத் தாமதித்துவிட்டு, அதையே காரணமாகக் காட்டிச் சட்டம் கொடுத்த உரிமையை மறுக்கக்கூடாது என்று கூறி, குப்தாவுக்குப் பதவி வழங்கும்படி உத்தரவிட்டது.

ஈரோட்டு விவசாயி மகனின் தீர்ப்பு

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அதைவிடப் பெரிய தீர்ப்பு வந்தது. அதை வழங்கிய பெஞ்சுக்குத் தலைமை வகித்தவர் ஒரு தமிழர். ஈரோடு மாவட்டம் பவானிக்குப் பக்கத்தில் உள்ள கடப்பநல்லூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இந்தியாவின் தலைமை நீதிபதியாக உயர்ந்த பி.சதாசிவம்தான் அவர்.

பார்வையற்றோர் சம்மேளனத்துக்காக வாதாடிய மூத்த வக்கீல் எஸ்.கே.ருங்டா. அவரும் கண் பார்வை இல்லாதவர்!

2013-ம் ஆண்டு அக்டோபர் 8-ந்தேதி தீர்ப்புக் கூறப்பட்டது. பட்டியலில் உள்ள பதவிகளை மட்டும் எண்ணக்கூடாது, மொத்தக் காலி இடங்களை வைத்துத்தான் 100-க்கு 3 கணக்கிட வேண்டும், அதிகாரிகள் பதவிக்கும் அதே கணக்குதான் என்று கோர்ட்டு திட்டவட்டமாகக் கூறியது. கணக்கை முடிக்க சர்க்காருக்கு மூன்று மாதம் கெடு விதித்தது.

30 எங்கே, 3 எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது!

தள்ள முடியுமா? தூக்க முடியுமா?

ஆனால் பட்டியலுக்கு இன்னொரு பல்லும் இருந்தது.

ஐரா சிங்கால் என்ற பெண்ணுக்கு முதுகெலும்பு வளைந்திருக்கிறது. 2010-ம் ஆண்டு சிவில் சர்வீஸ் பரீட்சையில் தேறினார். இந்திய வருவாய்ப் பணி அதிகாரியாக வேண்டியவர். ஆனால் பதவி கொடுக்கவில்லை. காரணம்? அவரால் எதையும் தள்ளவோ, இழுக்கவோ, தூக்கவோ முடியாதாம்!

வருவாய்ப் பணி அதிகாரி எதைத் தூக்கப் போகிறார்? ஐரா சிங்கால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார். நான்கு ஆண்டுகள் போராடி வென்றார். அவர் அத்துடன் நிற்கவில்லை. மீண்டும் பரீட்சை எழுதினார். 2015-ல் முடிவு வெளிவந்தது. இந்தியா முழுவதிலும் முதல் இடம் யாருக்கு? அதே ஐரா சிங்காலுக்கு!

"உன்னால் முடியாது" என்றவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொண்டார்களோ!

அதே 2015-ம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்ணும் நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அவர் பெனோ செபைன். பிறவியிலேயே முற்றிலும் பார்வை இல்லாதவர். பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாக இருந்துகொண்டே பரீட்சை எழுதி வென்றார். வெளிநாடுகளில் இந்தியாவின் பிரதிநிதியாகப் பணியாற்றும் ஐ.எப்.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்தார். முற்றிலும் பார்வை இல்லாத ஒருவர் அந்த உத்தியோகத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை!

மராட்டிய மாநிலத்தைச் சேர்ந்த பிராஞ்சல் பாட்டீலுக்கு ஆறு வயதில் பார்வை போய்விட்டது. 2016-ல் சிவில் சர்வீஸ் பரீட்சையில் தேறிய அவருக்கு ரெயில்வே கணக்குத் துறையில் இடம் வந்தது. பார்வை இல்லை என்று கூறி அதையும் மறுத்துவிட்டார்கள். மறுபடி எழுதினார். 124-வது இடம். ஐ.ஏ.எஸ். ஆனார். 2019-ல் திருவனந்தபுரத்தில் சப்-கலெக்டராகப் பதவி ஏற்றார். கணக்கு எழுத முடியாது என்று சொல்லப்பட்டவர், நிர்வாகமே நடத்தினார்!

வேலையில் இருக்கும்போது ஊனமானால்?

இன்னொரு சங்கதியும் உண்டு. நல்ல உடம்போடு வேலைக்குச் சேர்ந்தவர் நடுவில் ஊனமாகிவிட்டால் என்ன செய்வது?

குணால் சிங் பாதுகாப்புப் படை ஒன்றில் கான்ஸ்டபிள். கடமையின்போது இடது காலில் காயம் பட்டு, காலையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. தகுதி இல்லை என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். 2003-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புக் கூறியது. வேலையில் இருக்கும்போது ஊனமானவரை அனுப்பக்கூடாது. பதவியைக் குறைக்கக்கூடாது. அவருக்கு ஏற்ற வேறு வேலை கொடுக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாவிட்டால், தகுந்த இடம் வரும் வரை கூடுதல் பதவி ஒன்றில் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். சட்டம் சொல்வது இது.

பஸ் டிரைவர் முதல் மின்சார ஊழியர் வரை, எத்தனையோ குடும்பங்களுக்கு இது தெரியாது. தெரியாததால்தான், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இப்போது என்ன சட்டம்?

பழைய சட்டத்தின் இடத்தில் 2016-ம் ஆண்டில் புதிய சட்டம் வந்தது. 2017-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந்தேதி முதல் அது அமுலில் இருக்கிறது. அதன்படி 100-க்கு 3 என்பது 4 ஆயிற்று. அந்த 4 இடங்கள் யாருக்கு?

பார்வையற்றவர்கள், பார்வை குறைந்தவர்களுக்கு ஒன்று. காது கேளாதவர்கள், கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு ஒன்று. கை கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒன்று. மூளை முடக்குவாதம் உள்ளவர்கள், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், உயரம் குன்றியவர்கள், தசைச் சிதைவு நோய் உள்ளவர்கள், திராவக வீச்சுக்கு ஆளானவர்கள் ஆகியோரும் இதில் அடங்குவர்.

நாலாவது இடம்தான் புதிது. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவை உள்ளவர்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட ஊனம் உள்ளவர்களுக்கும் அது உரியது.

தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லி, அந்த இடத்தை உடனே வேறு யாருக்கும் கொடுத்துவிட முடியாது. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால், வேறு வகை ஊனமுள்ளவருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகே மற்றவர்களுக்கு.

பட்டியலும் நீண்டிருக்கிறது. 2021-ம் ஆண்டு ஜனவரியில் மத்திய சர்க்கார் வெளியிட்ட பட்டியலில் 3,566 வகைப் பதவிகள் உள்ளன. அவற்றில் 1,046, "ஏ" பிரிவு அதிகாரிகளின் பதவிகள். பியூன் வேலையில் தொடங்கிய கதை எங்கே வந்திருக்கிறது, பாருங்கள்!

தெரிந்துகொள்ள வேண்டியவை

ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்கு சர்க்கார் டாக்டரின் சான்றிதழ் வேண்டும். நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டையும் இப்போது கொடுக்கப்படுகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இது பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பரீட்சை அறிவிப்பு வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைவிட, முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

மத்திய சர்க்கார் வேலைகளுக்கு வயது வரம்பில் 10 ஆண்டு சலுகை உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கு 13 ஆண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 15 ஆண்டு. மத்திய தேர்வாணைய பரீட்சைகளுக்குக் கட்டணம் கிடையாது.

எழுத முடியாதவர்களுக்காக எழுதுபவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரப் பரீட்சையை நான்கு மணி நேரம் எழுதலாம். தாமே ஆளை அழைத்து வருவதானால், அவருடைய படிப்பு, விதியில் சொல்லப்பட்ட அளவுக்கு மேல் இருக்கக்கூடாது. இதை மறந்துவிட்டுப் பரீட்சை மண்டப வாசலில் தவிப்பவர்கள் உண்டு.

எழுதும்போது கைத் தசை பிடித்துக்கொள்ளும் குறைபாட்டால் எழுத முடியாத விகாஷ் குமார் என்ற இளைஞர், 2021-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு வாங்கினார். எழுத முடியாத நிலை உண்மையானால், 40 சதவீதம் இல்லை என்று சொல்லி எழுதுபவரை மறுக்கக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. அதற்கான விதிமுறைகளும் 2022-ல் வந்துவிட்டன.

அநியாயம் நடந்தால்? ஒவ்வொரு சர்க்கார் அலுவலகத்திலும் குறை தீர்க்கும் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகாரைப் பதிவு செய்த இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அதற்கு மேல், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரும், டெல்லியில் தலைமை ஆணையரும் இருக்கிறார்கள். மனு எழுத ஒரு தாள் போதும்.

எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று சொல்வதற்கு இல்லை. ஐ.பி.எஸ். பதவிக்கும், மத்திய ஆயுதப் படைகளின் போர்ப் பணிகளுக்கும் இந்த ஒதுக்கீடு இல்லை என்று 2021-ல் மத்திய சர்க்கார் விலக்கு அளித்தது. அதுவும் கோர்ட்டுக்குப் போயிற்று.

அந்தக் கடிதம் என்ன ஆயிற்று?

தாய் எழுதிய கடிதத்தை சுப்ரீம் கோர்ட்டு சாதாரணக் கடிதமாக நினைக்கவில்லை. அதையே வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலாவும், சென்னை ஐகோர்ட்டிலிருந்து சென்ற ஆர்.மகாதேவனும் விசாரித்தார்கள்.

பார்வையற்றவர் நீதிபதியாக முடியுமா என்ற கேள்விக்கு, தமிழ்நாடு முன்பே பதில் சொல்லியிருந்தது. கண் பார்வை இல்லாத டி.சக்கரவர்த்தி 2009-ம் ஆண்டிலேயே இங்கே நீதிபதியாகப் பதவி ஏற்றுவிட்டார். ராஜஸ்தானில் பிரம்மானந்த சர்மா நீதிபதி ஆனார். எழுத்தைக் குரலாக்கிக் கொடுக்கும் கருவியின் உதவியால் வழக்கு விவரங்களைக் காதால் கேட்டு அவர் விசாரணை நடத்தினார். நீதிபதி பார்க்க வேண்டியது கட்சிக்காரரின் முகத்தையா? அவர் பக்கத்து நியாயத்தைத்தானே!

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் 3-ந்தேதி தீர்ப்பு வந்தது. ஊனம் ஒன்றையே காரணமாகக் காட்டி நீதித்துறை உத்தியோகத்தை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று கோர்ட்டு கூறியது. மத்தியப்பிரதேச விதி ரத்து செய்யப்பட்டது.

வேலை கொடு என்று அந்தத் தாய் கேட்கவில்லை. என் பிள்ளையையும் பரீட்சை எழுத விடுங்கள் என்றுதான் கேட்டார். எழுதித் தேறினால் பதவி. தேறாவிட்டால், மற்றப் பிள்ளைகளைப் போலவே, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த வார்த்தையைச் சொல்லித் தேற்ற அந்தத் தாயாலும் முடியும்.